பெஞ்சைப் பார்த்தவள்

அன்றைக்குக் காலையில் சுடர்விழி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. துப்பறிவாளர் நெடுமாறன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், கருவாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவருடைய துப்பறியும் அலுவலகம். படியேறி வரும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சார், நம்ம ஆபீசுக்கு மோப்ப நாய் வந்தா முதல் நாளே ராஜினாமா பண்ணிடும்" என்கிற மாதிரி எதையாவது சொல்லாமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. அந்த வாய்க்காகத்தான் அவளை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். சாட்சிகள் அவளிடம் சிரித்துக்கொண்டே பாதி உண்மையை உளறிவிடுவார்கள். இன்றைக்கு அந்த வாய் பூட்டுப் போட்டுக் கிடந்தது.

"உடம்பு சரியில்லையா சுடர்?"

"இல்ல சார்."

"வீட்டுல சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." மேசை ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "நேத்து நாம பண்ணது தப்புன்னு தோணுது சார்."

"நாமன்னா?"

"நான்."

நேற்று நடந்தது இதுதான். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இதயம் தளர்ந்தவர்களுக்காக ஒரு புது மருந்தை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. இதயம் சரியாக வேலை செய்யாமல் காலில் நீர் கோத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு, பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு அடைத்த மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் செந்தமிழ்ச்செல்விக்கும் தெரியாது. சென்னையில் இருக்கும் ஒரு குழுவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் குழுதான் அலறியடித்துக்கொண்டு போன் செய்தது. ஊரின் ஒரு பகுதியான நெல்லித்தோப்பிலிருந்து சேர்ந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஏதோ கோளாறு. மருந்து இருக்க வேண்டியவர்களுக்குக் குறைகிறது. இருக்கவே கூடாதவர்களுக்கு இருக்கிறது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

ஆஸ்பத்திரி மேனேஜர் நெடுமாறனைக் கூப்பிட்டார். மருந்து அலமாரியின் சாவி தாமரைச்செல்வி என்ற நர்ஸிடம். நேற்று வராண்டாவில், மறுபடி ரத்தம் கொடுப்பதற்காக நோயாளிகள் பெஞ்சில் காத்திருக்க, அத்தனை பேர் கண்ணெதிரே அவளுடைய கைப்பையைச் சுடர்விழி திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரில் அதே மாத்திரைகள், உதிரியாக.

அப்போதுதான் சுடர்விழி அந்த ஜோக்கை அடித்தாள். "டாக்டர், இந்தப் பைக்கும் நெஞ்சு வலி போல. மருந்து முழுங்கி வெச்சிருக்குது!"

வராண்டாவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. வாட்ச்மேன் சிரித்தான், லேப் பெண் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு மேனேஜரும் சிரித்தார். தாமரைச்செல்வி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அங்கேயே சஸ்பெண்ட். இன்று சாயந்திரம் போலீசில் புகார் கொடுப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார். புகார் போய்விட்டால் இந்த ஆஸ்பத்திரி என்ன, எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் நர்ஸாக நிற்க முடியாது.

சுடர்விழி நேற்று ராத்திரி சோறு தின்றுகொண்டே அந்த ஜோக்கைத் தன் வீட்டில் இன்னொரு முறை சொன்னாள். அங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். கை கழுவும்போதுதான் அந்த நர்ஸின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அப்புறம் போகவே இல்லை.

"பையில மருந்து இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார் நெடுமாறன்.

"இருந்துச்சு சார். ஆனா நான் தொறந்தப்போ அந்தக்கா எங்க பாத்தாங்க தெரியுமா? திருடி மாட்டுனவங்க வாசலைப் பாப்பாங்க. இல்லன்னா தரையைப் பாப்பாங்க. அவங்க பெஞ்சைப் பாத்தாங்க. பந்தியில நம்ம இலைக்கு எப்ப வருவாங்கன்னு பரிமாறறவரையே பாப்போமே, அந்த மாதிரி. நான் அதைப் பாத்தேன். பாத்துட்டும் ஜோக்குதான் அடிச்சேன்."

"கூட்டாளி பெஞ்சுல இருந்திருப்பானோ?"

"இருக்கலாம். பெஞ்சுல இருந்தவங்க எல்லாரும் நெல்லித்தோப்பு."

நெடுமாறன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு. வா."

நேரு வீதியில் வழக்கம்போல நெரிசல். சிக்னலில் நிற்கும்போது அவர் தலையைத் திருப்பினார்.

"சுடர், காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தா எது வரைக்கும் சாப்பிடுவே?"

"காய்ச்சல் விட்டதும் நிறுத்திடுவேன்."

"நான் மருந்துக் கடையை விட்டு எறங்கினதுமே நிறுத்திடுவேன். நம்ம ஊரு லட்சணம் அவ்ளோதான். இந்த ஆராய்ச்சியில வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம்னு எல்லா ஊரு ஆளுங்களும் இருக்காங்க. அப்பப்ப மறந்துடறாங்க, மிச்சம் திரும்பி வருது. நெல்லித்தோப்பு ஆளுங்க மட்டும் ஒருத்தர்கூட ஒரு நாள்கூட மறந்தது கெடையாதாம். டாக்டரம்மா பெருமையா சொன்னாங்க. நானும் தலையாட்டிக்கிட்டு வந்துட்டேன் பாரு, புத்திகெட்டவன்!"

"அப்ப யாரோ பக்கத்துல நின்னு குடுக்கறாங்க சார்."

"அதான். யாரு?"

சிக்னல் மாறியது. பின்னாலிருந்து ஆட்டோக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நெடுமாறன் காதில் வாங்காமல் வண்டியை எடுத்தார்.

"இன்னொண்ணு சார்," என்றாள் சுடர்விழி அவர் காதருகே கத்தி. "மருந்தைத் திருடி மாவை வெச்சிருந்தா ஒருத்தருக்காவது சுத்தமா இல்லாம போயிருக்கணும். இங்க எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கு. யாருக்கும் முழுசா இல்ல."

"எந்தத் திருடனும் அவ்ளோ நியாயமா நடந்துக்க மாட்டான்," என்றார் அவர்.

மற்ற நாளாக இருந்தால் அதற்கு அவள் ஒரு பதிலடி வைத்திருப்பாள். இன்றைக்கு நாக்கு எழவில்லை.

நெல்லித்தோப்பில் சந்து முனையில் அஞ்சலாட்சியின் இட்லிக் கடை. அவளும் அந்தப் பெஞ்சில் இருந்தவள்தான். தள்ளுவண்டி, ஒரு ஸ்டவ், அடியில் தண்ணீர்க் குடம். சட்னிக்குத் தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியருகே இரண்டு பேர் வந்து நின்றதும் நிமிர்ந்தவள், சுடர்விழியைப் பார்த்துச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீதானே அது? நேத்து தமாஷ் பண்ண பொண்ணு?"

"நான்தான்." சுடர்விழிக்கு முகம் எரிந்தது. தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கேவலமாக இருந்தது.

"இட்லி வெக்கட்டா?" என்றாள் அஞ்சலாட்சி, அவள் முகத்தைப் பார்க்காமலே.

"ரெண்டு வைங்க," என்றார் நெடுமாறன்.

அஞ்சலாட்சி பக்கத்திலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் சீசாவைத் திறந்து எண்ணெயில் சாய்த்தாள். கடுகு படபடவென்று பொரிந்தது. சீசாவின் மேல் ஒரு ஸ்டிக்கர். ஆஸ்பத்திரியின் பெயர், அதன் கீழே ஆராய்ச்சி எண்.

நெடுமாறன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "கடுகு நல்லா பொரியுதும்மா. சீசா ஆஸ்பத்திரியில குடுத்ததா?"

அஞ்சலாட்சியின் கை அந்தரத்தில் நின்றது. "திருப்பிக் கேக்கற வரைக்கும் சும்மாதானே கெடக்குதுன்னு..."

"அப்ப மாத்திரை?"

"அது... கோவிந்தசாமி அண்ணன் வீட்டுல."

"உங்க நெஞ்சுக்குக் குடுத்த மாத்திரை அவரு வீட்டுல எதுக்கு இருக்கு?"

அஞ்சலாட்சி ஸ்டவ்வை அணைத்தாள். சட்னிக்கு மூடி போட்டாள். மூச்சு வாங்க வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். "வாங்க. அவரே சொல்லட்டும். என் வாயால வராது."

கோவிந்தசாமி பழைய மில் தொழிலாளி. தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. ஒரு காலத்தில் யூனியன் தலைவர். அவர் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் வீங்கிய கால்கள். தினமும் இந்த நேரத்துக்குக் கூடுகிறவர்கள் போலிருக்கிறது. நடுவில் ஸ்டூல் மேல் ஒரு எவர்சில்வர் சம்படம், மூடி திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"வாங்க. யாருன்னு தெரியும். உக்காருங்க," என்றார் கோவிந்தசாமி.

நெடுமாறன் உட்காரவில்லை. "சம்படம் காலியா இருக்கே?"

"முந்தாநாள் வரைக்கும் ரொம்பி இருந்துச்சு."

"எல்லார் மாத்திரையும் இதுலயா?"

"எல்லார் மாத்திரையும்தான்." கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆராய்ச்சியில சேத்தப்ப டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு, யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுன்னாங்க. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தக் கண்ணையன் இருக்கானே, அவனும் நானும் ஒரே ஷிப்டு. அவனுக்கு மருந்து, எனக்கு மாவுன்னா அவன் பொழைப்பான், நான் போயிடுவேன். எனக்கு மருந்து, அவனுக்கு மாவுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவன் பொண்டாட்டியப் பாக்கறது?"

கண்ணையன் என்ற ஒல்லியான மனிதர் மூலையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"மில்லுல சாப்பாட்டு மணி அடிச்சா எல்லா டிபன் கேரியரையும் ஒண்ணாக் கொட்டிடுவோம். மீன் கொண்டாந்தவனும் கஞ்சி கொண்டாந்தவனும் சமமாத் தின்னுட்டு எழுந்திருப்போம். இத்தயும் அதே மாதிரி பண்ணோம். எல்லா சீசாவையும் இதுல கொட்டுனோம். காலையில வந்து கண்ணை மூடிக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு. இன்னிக்கு மாவு வந்தா நாளைக்கு மருந்து வரும். யாரும் மறக்காம நான் பாத்துக்கினேன். வராதவன் வூட்டுக்கு நானே எடுத்துக்கினு போயிடுவேன். மத்தபடி அவங்கவங்க வழக்கமா சாப்புடற மாத்திரைய அவங்கவங்க தனியாத்தான் சாப்புட்டோம், அதுல கை வெக்கல."

சுடர்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட மர்மம், நெல்லித்தோப்பில் ஒரு சம்படத்துக்குள் உட்கார்ந்திருந்தது. திருட்டே நடக்கவில்லை. பங்கு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்!

"அப்ப அந்த நர்ஸ் அக்கா பையில இருந்தது?" என்றாள்.

"இந்தச் சம்படத்துல இருந்ததுதாம்மா." கிழவரின் குரல் முதல்முறையாக இறங்கியது. "முந்தாநாள், மறுபடி ரத்தம் எடுக்கணும், நாளைக்கு வாங்கன்னு சொல்ல வந்துச்சு. நாங்க பங்கு போட்டுக்கினு இருந்தோம். பாத்துட்டு அப்படியே உக்காந்துடுச்சு. இன்னா அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்கன்னு கண்ணுல தண்ணி. மிச்சத்தை ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கிச்சு. நாளைக்கு வந்து நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, நான் சொன்னா உங்கள காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும், நீங்க சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போச்சு."

நெடுமாறன் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நீங்க எல்லாரும் அந்தப் பெஞ்சுலதானே இருந்தீங்க?"

கிழவர் காலிச் சம்படத்துக்கு மூடி போட்டார்.

"இருந்தோம்," என்றார் கோவிந்தசாமி. "பைய தொறந்தப்ப அது எங்களத்தான் பாத்துச்சு. ஒவ்வொருத்தரையா பாத்துச்சு. ஸ்டிரைக்குல போலீஸ் அடிச்சு கை ஒடஞ்சப்பகூட நான் கூட்டாளி பேரைச் சொன்னவன் இல்ல. நேத்து ஒரு பொண்ண எங்க கண்ணு முன்னால அசிங்கப்படுத்தினாங்க. நான் பெஞ்ச விட்டு எழுந்திருக்கல. சொன்னா ஆராய்ச்சிய விட்டுத் தூக்கிடுவாங்க, அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்க முடியாது, மருந்தில்லாம செத்துடுவோம்னு பயம். இவ்ளோதான் சார் நானு. இத்தன வயசுக்கு அப்புறம் இவ்ளோதான்."

அஞ்சலாட்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நான் சிரிச்சேன். இந்தப் பொண்ணு தமாஷா சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்காம இருந்தா என் மேல சந்தேகம் வரும்னு நானும் சிரிச்சேன். அது என்னையே பாத்துச்சு. என் காலு ரெண்டும் வீங்கினப்ப வூட்டுக்கு வந்து பாத்த பொண்ணு அது."

சுடர்விழி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்களைத் திட்ட வேண்டும் போலிருந்தது. எந்த வாயால் திட்டுவது? அவர்கள் பயத்தில் சிரித்தார்கள். அவளுக்கு என்ன பயம்? கைதட்டலுக்கு ஆசைப்பட்டாள். ஒருத்தி மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்ததும் வாய் ஊறியது. அதைத்தான் இத்தனை நாளாகச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சீ!

"எழுந்திரிங்க," என்றார் நெடுமாறன். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லோரும் எழுந்தார்கள்.

ஆட்டோக்களில் நெருக்கியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நோயாளிகளைப் பார்க்கும் நேரம் தொடங்கியிருந்தது. வராண்டா முழுக்க ஜனம். சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கத் தாமரைச்செல்வியை வரச்சொல்லியிருந்தார்கள். சாதாரணப் புடவையில், மேனேஜர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாய்வுப் பாதையில் மூச்சிரைக்க ஏறி வருகிறவர்களைப் பார்த்ததும் அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

கோவிந்தசாமி சுவரைப் பிடித்து நின்றார். மூச்சு நிதானத்துக்கு வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அந்தத் தறிக் குரலில், ஒளிக்காமல் மறைக்காமல், சம்படத்திலிருந்து பெஞ்சு வரை அத்தனையும் சொன்னார். டாக்டர் செந்தமிழ்ச்செல்வி அறையை விட்டு வெளியே வந்து, கழுத்தில் ஸ்டெத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்ககிட்ட எடுத்த ரத்தம், எக்கோ ஸ்கேன் எதுவுமே இனி ஆராய்ச்சிக்கு உதவாது," என்றார் மெதுவாக. "மருந்து சாப்பிடறவங்களையும் சாப்பிடாதவங்களையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதானே அது நிஜமா இதயத்தைக் காப்பாத்துதான்னு தெரியும்? எத்தனை பேருக்கு அது தேவைப்படுது தெரியுமா? எல்லாம் போச்சு. உங்கள ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவாங்க."

"வைத்தியம்மா?" என்றார் கண்ணையன்.

"வைத்தியம் ஏன் நிக்கப்போகுது? விலகினாலும் எப்பவும்போல வந்து பாத்துக்கலாம்னு கையெழுத்து வாங்கறப்பவே சொன்னேனே!"

"சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார் கோவிந்தசாமி. கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

டாக்டர் அந்த வயதான முகங்களைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. "சொன்னேன். அவசரத்துல சொல்லிட்டுப் போயிட்டேன் போலிருக்கு. புரிஞ்சுதான்னு கேக்கல."

நெடுமாறன் மேனேஜரிடம் போனார். "புகாரைக் கிழிச்சுடுங்க சார். பையில பாத்ததை வெச்சு நான் முடிவு கட்டினது தப்பு. தப்பு என்னோடதுன்னு எழுதியே குடுக்கறேன்." மேனேஜர் எச்சிலை விழுங்கிக்கொண்டு தலையாட்டினார். நேற்று சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திய கை இன்றைக்கு எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பையில் நுழைந்துகொண்டது.

தாமரைச்செல்வி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். நெல்லித்தோப்புக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "மூச்சு வாங்குதுல்ல? உக்காருங்க அண்ணே. ஏறி வந்திருக்கவே கூடாது," என்றாள். அதற்குமேல் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி அவள் கையைப் பிடிக்க வந்தாள். தாமரைச்செல்வி கையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை.

சுடர்விழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகே போனாள். யார் காதிலும் விழாதபடி, வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

தாமரைச்செல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து இவ்ளோ மெதுவாவா பேசினே?"

சுடர்விழிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. வராண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். அதே வாட்ச்மேன், அதே லேப் பெண், வெளிநோயாளிகள், பிளாஸ்க்கோடு நிற்கிற சொந்தக்காரர்கள். பாதிப் பேர் தெரியாதவர்கள். துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேற்றைய குரலை எங்கிருந்தோ இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! நேத்து இதே எடத்துல இந்தக்காவை வெச்சு நான் ஒரு ஜோக்கு அடிச்சேன். நீங்க சிரிச்சீங்க. இவங்க எதையும் திருடல. ஒரு வார்த்தை குடுத்தாங்க, அதைக் காப்பாத்தினாங்க. கேவலமா நடந்துக்கிட்டது நான்தான். என் பேரு சுடர்விழி."

யாரும் சிரிக்கவில்லை. யாருடைய பிளாஸ்க் மூடியோ கீழே விழுந்து உருண்டது. நெடுமாறன் தலையைக் குனிந்து நின்றார்.

"ம். இப்பக் கேட்டுச்சு," என்றாள் தாமரைச்செல்வி.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோவிந்தசாமியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கப் போய்விட்டாள்.